வற்றிய கிணறுகளையும் வரைபடத்தில் வைப்பது: சேவூர் முதல் சென்னிமலை வரை ஆறு நாள்

முதல் நாள்: சேவூர்

காலை ஐந்தரை மணிக்கு அவிநாசியிலிருந்து கிளம்பி, ஆறு மணிக்கெல்லாம் சேவூர்ப் பக்கம் முதல் கிணற்றின் விளிம்பில் நின்றோம். அவ்வளவு விடியலில் போனதற்குக் காரணம் உண்டு. மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டால் கிணற்றின் மட்டம் இறங்கிவிடும். அப்போது அளந்தால் கிடைப்பது நிலத்தின் நீர்மட்டம் அன்று, மோட்டார் இறைத்து உண்டாக்கிய பள்ளத்தின் மட்டம். இரவு முழுவதும் ஊறி நின்ற தண்ணீரை அளந்தால்தான் இந்தக் கிணற்றைப் பக்கத்துக் கிணற்றோடும், இந்த ஆண்டைப் போன ஆண்டோடும் ஒப்பிட முடியும்.

நாங்கள் இருவர். நானும், நிலவியல் முதுகலை படிக்கும் தம்பி ஒருவரும். கையில் 300 மீட்டர் நாடா. அதன் நுனியிலுள்ள உணர்முனை தண்ணீரைத் தொட்டதும் மேலே மணி ஒலிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெறும் இந்தக் கொங்கு மேட்டுநிலத்தில், நிலத்தடி நீர்மட்டம் கடந்த சில பத்தாண்டுகளில் எங்கெங்கே எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒரு வரைபடம் தயாரிப்பதுதான் வேலை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன்னுடைய கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. சென்னை தரமணியிலுள்ள மாநிலத் தரவு மையத்துக்கும் தனியாகக் கண்காணிப்புக் கிணறுகள் உண்டு. அந்த அளவுகள்தாம் எங்கள் படத்துக்கு முதுகெலும்பு. ஒரு கண்காணிப்புக் கிணற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பல கிலோமீட்டர் வெறுமையாகக் கிடப்பதால், இடையிலுள்ள விவசாயக் கிணறுகளை நாங்கள் மே மாதத்தில், பருவமழைக்கு முன், ஒரே வாரத்துக்குள் அளந்து சேர்க்கிறோம்.

முதல் கிணறே எங்களை இரண்டு மணி நேரம் பிடித்து நிறுத்திவிட்டது. சதுரக் கிணறு, 92 அடி ஆழம், அடியில் காய்ந்த சேறும் இரண்டு தென்னை மட்டைகளும் கிடந்தன. நாடாவுக்கு வேலையே இல்லை. ஆனால் பக்கச் சுவரைப் பார்த்ததும் தம்பி நோட்டை மூடிவிட்டு வரையத் தொடங்கினார். மேல் விளிம்பில், மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்த காலத்துக் கல்தூண்கள் இரண்டு, வடக்கயிறு உராய்ந்து வழவழத்த பள்ளத்தோடு இன்னும் நிற்கின்றன. அதற்குக் கீழே 24 அடியில் பாறையைக் குடைந்து ஒரு மோட்டார் மேடை. அதன் சிமெண்டுப் பூச்சில், ஈரம் காயும் முன் குச்சியால் எழுதிய 1968. கீழே 46 அடியில் இரண்டாவது மேடை, அதில் 1983. இன்னும் கீழே 66 அடியில் ஆண்டு எழுதாத மூன்றாவது மேடை. அடியில் நான்கு திசையிலும் சைடு போர், அதாவது பக்கவாட்டில் பாறைக்குள் துளை, போட்ட ஓட்டைகள்.

இதை ஏன் இத்தனை விரிவாக எழுதுகிறேன் என்றால், மேடைகளின் அந்த அடுக்கு ஓர் அளவுகோல். மேலே உட்கார்ந்து தண்ணீரை உறிஞ்சும் மோட்டாருக்கு ஓர் எல்லை உண்டு. காற்றழுத்தம் தண்ணீரை 34 அடிக்கு மேல் ஏற்றாது. நடைமுறையில் 20 முதல் 25 அடிக்கு மேல் இழுப்பதில்லை. ஆகவே 1968-இல் 24 அடியில் மேடை வெட்டியபோது, இறைப்பின்போதும் தண்ணீர் 45 அடிக்கு மேலேயே நின்றிருக்க வேண்டும். 1983-இல் மோட்டாரை 46 அடிக்கு இறக்கியபோது அந்த எல்லை தாண்டப்பட்டிருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு கிணற்றுக்கு இப்படி இரண்டு ஆண்டுகளின் நீர்மட்ட வரம்பு கிடைத்துவிட்டது. துல்லியமான அளவன்று, வரம்புதான். ஆனாலும் வரம்பும் ஒரு தரவே.

கிணற்றுக்குச் சொந்தக்காரரான பெரியவர் வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பாரு காலத்துல இதுல நீச்சல் அடிப்போமுங்க தம்பி. மேல் மேடையிலிருந்துதான் குதிப்போம்" என்றார். பிறகு, "வத்துன கெணத்த எதுக்குங்க அளக்கறீங்க? தண்ணி இருக்கறதப் போயி அளங்க" என்று உண்மையான அக்கறையோடு சொன்னார்.

நாங்கள் இங்கே வந்ததே அதற்காகத்தான் என்று அவருக்கு விளக்கினேன். பழைய பட்டியல்களில் கிணறு வற்றிய ஆண்டில் எண் இருக்காது. ஒரு சிறு கோடு இருக்கும், அல்லது கட்டம் காலியாக இருக்கும். சராசரி எடுக்கும்போது காலிக் கட்டங்கள் தாமாகவே விலகிவிடும். மிச்சம் நிற்பவை தண்ணீர் உள்ள கிணறுகள் மட்டுமே. ஒரு வட்டாரத்தில் பத்துக் கிணறுகளில் ஆழமற்ற நான்கு வற்றி விடுபட்டுப்போனால், எஞ்சிய ஆறின் சராசரி முன்பைவிட நன்றாக இருப்பதுபோலத் தோன்றலாம். தென்னிந்தியாவில் நிலத்தடி நீர் மீண்டு வருவதாகக் கிணற்று அளவுகள் காட்டியதற்கு, வற்றிய கிணறுகள் கணக்கிலிருந்து விடுபட்டதும் காரணம் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நோயாளிகளில் இறந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்களின் உடல்நிலையைச் சராசரி பார்ப்பதற்கு ஒப்பான பிழை அது.

பெரியவரின் கிணற்றை "92 அடிக்கும் கீழே" என்று குறித்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள்: அன்னூர்ச் சாலை

இன்று 14 கிணறுகள். கருவலூரைத் தாண்டி அன்னூர்ப் பக்கம் போகும்போது வழியெங்கும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் குழாய் முனைகளும் அளவுக் கருவிப் பெட்டிகளும் குளக்கரைகளில் தென்பட்டன. பவானியில், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரிநீரில் ஆண்டுக்கு 1.5 டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்களின் வழியாக மேலே ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம் இது. மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுக் காத்திருந்து, 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கி வைக்கப்பட்டது. பாசன வாய்க்கால் இதில் இல்லை. குளத்தில் நிற்கும் நீர் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போக வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம். ஆகவே அதன் பலனைக் குளத்தில் தேட முடியாது. கிணற்றில்தான் அளக்க வேண்டும்.

ஒரு குளத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கரைக்குக் கீழ்ப்புறம் வரிசையாக ஐந்து கிணறுகளை அளந்தோம். கரையை ஒட்டிய கிணற்றில் 21 அடியில் தண்ணீர். அடுத்ததில் 28. மூன்றாவதில் 33. நான்காவது, குளத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. 80 அடி ஆழத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. ஐந்தாவது அதையும் தாண்டிக் கொஞ்சம் கிழக்கே தள்ளி இருக்கிறது. அதிலோ 40 அடியில் தண்ணீர். தம்பி கருவியையே சந்தேகித்து இரண்டாம் முறை அளந்தார். கருவியில் பிழையில்லை. இது கடினப்பாறை நிலம். மணற்பாங்கான ஆற்றுச் சமவெளியில் தண்ணீர் பரவுவதுபோல இங்கே பரவாது. மேலே சிதைந்த பாறை எவ்வளவு ஆழம் இருக்கிறதோ அவ்வளவுக்கும், கீழே வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையிலும்தான் போகும். நான்காவது கிணற்றின் அடியில் வெடிப்பே இல்லாத கருங்கல் முண்டு கண்ணுக்குத் தெரிகிறது.

இங்கேதான் வரைபடம் போடுபவர்கள் தவறி விழுகிறோம். இரண்டு கிணறுகளின் அளவைக் கொடுத்தால் இடைப்பட்ட இடத்தை மென்பொருள் தானே கணக்கிட்டு அழகான வண்ணத்தால் நிரப்பிவிடும். மூன்றாவது கிணற்றுக்கும் ஐந்தாவது கிணற்றுக்கும் நடுவே 36 அடி என்று எழுதிவிடும். அந்த இடத்தில் நிற்கும் விவசாயி அதை நம்பிப் பணம் போட்டால் யார் பொறுப்பு?

இரவு அவிநாசியில் தங்கினோம். முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டதாகச் சொல்லப்படும் ஊர் இது. முதலை வாழ்ந்த குளத்தைப் பற்றிய ஒரு கதை இந்த மழைமறைவு நிலத்தில் இத்தனை நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பதை நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

மூன்றாம் நாள்: பல்லடம்

விசைத்தறிச் சத்தமும் கோழிப்பண்ணைகளும் தென்னந்தோப்புகளும் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் வட்டாரம். இங்கே திறந்த கிணறுகள் பெரும்பாலும் குப்பைக்குழியாகவோ, ஆழ்துளையிலிருந்து ஏற்றிய தண்ணீரைத் தேக்கும் தொட்டியாகவோ மாறிவிட்டன. இரண்டாவது வகைதான் ஆபத்து. எட்டிப் பார்த்தால் 15 அடியில் தண்ணீர் பளபளக்கும். விசாரிக்காமல் அளந்து எழுதிக்கொண்டால், ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வந்த தண்ணீர் படத்தில் மேல்மட்ட நீராகப் பதிவாகிவிடும். இப்படிப்பட்ட மூன்று கிணறுகளை இன்று ஒதுக்கினோம்.

ஒரு தோட்டத்தில் வீட்டுக்கார அம்மா, "அளக்கறதுக்கு முன்னாடி இதப் பாத்துக்கோங்க கண்ணு" என்று சொல்லி, பீரோவுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து திண்ணையில் கொட்டினார். அத்தனையும் போர் போட்ட பில்கள். அடிக் கணக்கு, கேசிங் பைப் எத்தனை அடி, எந்த ஆழத்தில் ஈரம் தட்டியது, எத்தனை இஞ்சு தண்ணீர் என்று திருச்செங்கோட்டு வண்டிக்காரர்கள் பேனாவால் எழுதியவை. முதல் போர் 260 அடி. அடுத்தது 480. பிறகு 700, 950, 1,180. கடைசித் தாளில் அடிக் கணக்குக்கு எதிரே தண்ணீர் என்ற இடத்தில் வெறும் கோடு. "அன்னிக்கு ராத்திரி முழுக்கப் புகைதான் பறந்துச்சு. வண்டிக்காரரு நிறுத்திடலாமான்னு கேட்டப்ப, இன்னும் நூறு அடி போங்கன்னு நாந்தான் சொன்னேன்" என்றார். அவர் குரலில் குறைகூறல் இல்லை. பில்களை ஆண்டு வாரியாக அடுக்கிக்கொண்டே சொன்னார்.

அந்தத் தாள்களைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டோம். ஆனால் அவற்றை நீர்மட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தம்பிக்கு அழுத்திச் சொன்னேன். 950 அடியில் வெடிப்பு தட்டினால் தண்ணீர் 950 அடியில் நிற்பதில்லை. அழுத்தம் இருந்தால் குழாய்க்குள் 400 அடிக்கு ஏறி வந்து நிற்கும். போர் ஆழம், ஊற்றுத் தட்டிய ஆழம், நின்ற மட்டம் மூன்றும் வெவ்வேறு. மேல்மட்டச் சிதைவுப் பாறையின் நீரையும் ஆழ வெடிப்புகளின் நீரையும் ஒரே படத்தில் கலந்தால் இரண்டைப் பற்றியும் பொய் சொன்னதாகிவிடும். ஆகவே எங்களுடையது இரண்டு படங்கள்.

அந்த அம்மாவின் மகன் ஒரு கேள்வி கேட்டார்: "மழை நல்லாப் பேஞ்சா ஏறிடுமில்லீங்க?" அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 600 மில்லிமீட்டர் மழையில் இந்தப் பாறை நிலத்துக்குள் இறங்குவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, 60 மில்லிமீட்டர். சிதைந்த பாறையில் தண்ணீர் நிற்கக்கூடிய இடைவெளி நூற்றுக்கு இரண்டு பங்கு என்று கொண்டால், அந்த 60 மில்லிமீட்டர் நீர்மட்டத்தை 3 மீட்டர் உயர்த்தும். கேட்பதற்கு நிறைவாக இருக்கிறது. அதையே லிட்டரில் பார்த்தால், ஓர் ஏக்கருக்கு ஆண்டு முழுவதும் இறங்கியது சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம் லிட்டர். ஏக்கருக்கு 70 தென்னை. சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 53 நாளில் ஓர் ஆண்டின் வரவு முடிந்துவிடுகிறது. அவர் கால்குலேட்டரை வாங்கித் தாமே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் தோப்பைப் பார்த்தார். 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தபோது அவர் தோப்பில் மொட்டையாகிப்போன மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் ஓர் ஓரத்தில் கிடக்கின்றன.

மாலையில் ஒரு போரில் எங்கள் நாடா மோட்டார் வயரோடு சுற்றிக்கொண்டது. அறுத்துவிடாமல் எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதனால் திட்டமிட்டதில் நான்கு கிணறுகள் விடுபட்டன.

நான்காம் நாள்: பொங்கலூர், குண்டடம்

பிஏபி வாய்க்கால் பாயும் பகுதி. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் முறை வருகிறது. முறை வந்த ஆண்டில் கிளை வாய்க்காலை ஒட்டிய கிணறுகள் விறுவிறுவென ஏறுகின்றன; அடுத்த ஆண்டு இறங்குகின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மே மாதத்தையும் மற்றொரு மே மாதத்தையும் ஒப்பிட்டால், மண்டல முறையின் ஏற்ற இறக்கத்தையே நிலத்தின் போக்கு என்று எழுதிவிடுவோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் மண்டல எண்ணையும், கடைசியாகத் தண்ணீர் நிறுத்தி எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் சேர்த்து எழுதினோம். விவசாயிகளுக்கு இது நாள் கணக்கோடு நினைவில் இருக்கிறது. வேறொன்றும் இன்று சொல்வதற்கில்லை; 17 கிணறுகள், கடுமையான வெயில்.

ஐந்தாம் நாள்: காங்கேயம், ஒரத்துப்பாளையம், சென்னிமலை

காங்கேயத்தைச் சுற்றிக் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப்புல், மேயும் மாடுகள். இந்த நிலத்துக்கு இறைப்பே இல்லை. இப்படியொரு கொறங்காட்டின் நடுவிலிருந்த பழைய கிணற்றில் 38 அடியில் தண்ணீர் நின்றது. சுற்றிலும் போர் போட்ட தோட்டங்களில் அதே வகைக் கிணறுகள் காய்ந்து கிடக்கின்றன. ஒரே ஒரு கிணற்றை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த ஆண்டு கொறங்காட்டுக் கிணறுகளை மட்டும் தனியாக அளக்க வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

நண்பகலுக்கு மேல் நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் போனோம். கிணற்றில் 12 அடியில் தண்ணீர். இந்த ஆறு நாளில் நாங்கள் கண்ட மிக உயர்ந்த மட்டம் இதுதான். நீர்மட்டப் படத்தில் இந்த இடம் அடர் நீலமாக விழும். கயிற்றில் வாளியை இறக்கி மொண்டு, உப்புமானியை வைத்தோம். லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டி நின்றது. குடிநீருக்கு வேறு வழியே இல்லாதபோதும் இந்திய தர நிர்ணயம் பொறுத்துக்கொள்ளும் எல்லை 2,000. திருப்பூரின் சாயக்கழிவு இந்த அணையில் தேங்கிய வரலாறும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் எல்லாரும் அறிந்தவை. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு வந்த பிறகும், பாறை வெடிப்புக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு எளிதில் போவதில்லை. யாரும் இறைப்பதில்லை என்பதால்தான் இங்கே மட்டம் மேலே நிற்கிறது. "பாக்கத்தான் தண்ணி" என்று அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார். நீல நிறத்தின் மேல் உப்புக்குக் கறுப்புக் கோடுகள் இட்டால் ஒழிய இந்தப் படத்தை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

சென்னிமலைப் பக்கம் கீழ்பவானி வாய்க்காலின் கரையில் பொழுது சாய்ந்தது. பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் வரும் மண் வாய்க்கால். இதற்குக் கான்கிரீட் போடக் கூடாது என்று ஒரு தரப்பு விவசாயிகள் போராடியதும், கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் போடத்தான் வேண்டும் என்று மற்றொரு தரப்பு வாதாடியதும் இந்தப் பக்கத்தில் இன்னும் ஆறாத பேச்சு. வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் கசிவுநீரால் வாழும் கிணறுகளை நாங்கள் அளந்தோம்; 18, 22, 26 அடிகள். வாய்க்காலுக்கு மேட்டுப்புறம், சாலையைத் தாண்டினால் 300 அடியிலும் மணி ஒலிக்கவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்த எண்கள் போதா. ஆனால் கரைக்கு வெளியே கசிவதை வீண் என்று மட்டும் எழுதும் எந்தக் கணக்கும் இந்தக் கிணறுகளைப் பார்க்காமல் எழுதியது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆறாம் நாள்: திருப்பூர், மீண்டும் சேவூர்

பகல் முழுவதும் விடுதி அறையில் உட்கார்ந்து படம் போட்டோம். 81 கிணறுகள், அவற்றில் 29 வற்றியவை. அளந்த ஆழத்திலிருந்து கிணற்றுமேட்டின் உயரத்தைக் கழித்துத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தோம். கைப்பேசி காட்டும் கடல்மட்ட உயரம் பத்து மீட்டர்கூடப் பிசகும் என்பதால் அதை விட்டுவிட்டு, செயற்கைக்கோள் உயரப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். வண்ணம் நிரப்புவதை அளந்த கிணற்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டரோடு நிறுத்தினோம்; மற்ற இடம் வெள்ளையாகவே இருக்கட்டும். வற்றிய 29-க்கும் தனிக்குறி: கீழ்நோக்கிய சிவப்பு முக்கோணம், பக்கத்தில் கிணற்றின் ஆழம், வற்றிய மாதம். பழைய மேடைகளிலிருந்து கிடைத்த வரம்புகள் கோடிட்ட வட்டங்களாக வந்தன. படம் பார்ப்பதற்குக் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. எல்லா அளவையும் மீட்டரிலிருந்து அடிக்கு மாற்றி, தமிழில் எழுதி, ஒரு பெரிய தாளில் அச்செடுத்தோம்.

சாயங்காலம் பெருமாநல்லூர் வழியாகச் சேவூருக்குத் திரும்பினோம். விவசாய மின்கட்டணத்துக்காக 1970-இல் மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு இறந்த ஊர் அது. மின்சாரமும் கிணறும் இந்த மண்ணில் உயிரோடு பிணைந்த விஷயங்கள் என்பதைத் தம்பியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். இலவச மின்சாரத்தால்தான் நீர்மட்டம் போயிற்று என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த ஊர் வழியாக ஒருமுறை வர வேண்டும்.

முதல் நாள் பார்த்த பெரியவர் தாளைத் திண்ணையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேவூரைத் தேடி, பிறகு தம்முடைய முக்கோணத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தார். பக்கத்தில் "92 அடிக்கும் கீழே, சித்திரை" என்று இருந்தது.

"இது தப்புங்க தம்பி" என்றார். "சித்திரையில நீங்க பாத்தீங்க. வத்துனது மாசியிலயே. சிவராத்திரிக்கு மறுநாள் மோட்டாரக் கழட்டிட்டேன்."

தம்பி பேனாவை எடுத்துச் சித்திரையை அடித்துவிட்டு மாசி என்று எழுதினார். மற்ற 28 பேரையும் எந்த மாதம் வற்றியது என்று நாளை மறுபடி போன் போட்டுக் கேட்க வேண்டும்.